பழைய பம்ப் ஏர் ரைஃபிள்: காற்று எங்கே ஓடுகிறது?

அமெரிக்காவில் கோடைக்காலச் சனிக்கிழமைகளில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல்களைச் சுற்றுகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தூண்டில் கம்புகளுக்கும் துருப்பிடித்த ரம்பங்களுக்கும் நடுவில் ஓர் ஏர் ரைஃபிள் சாய்ந்திருக்கும். குழலுக்கு அடியில் மரத்தால் ஆன ஒரு கை. அதை விரித்து மடக்கி, விரித்து மடக்கிக் காற்று ஏற்ற வேண்டும். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘வேலை செய்யாது’ என்று எழுதி, இருபது டாலரோ முப்பது டாலரோ விலை போட்டிருப்பார்கள். என்னிடம் உள்ள ஷெரிடன் ப்ளூ ஸ்ட்ரீக் அப்படி வந்ததுதான்.

என் கைக்கு வந்த ‘வேலை செய்யாத’ துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் உடைந்தவை அல்ல, காய்ந்தவை. பம்ப் ஸ்டவ்வில் சமைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பம்ப் அடித்தால் காற்று ஏறவில்லை என்றால் யாரும் ஸ்டவ்வைத் தூக்கிப் போடமாட்டார்கள். தோல் வாஷரை வெளியே எடுத்து, எண்ணெயில் ஊறப்போட்டு, விரலால் ஓரத்தை விரித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். இங்கேயும் முதல் வைத்தியம் அதுதான். ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் காற்று எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்தால் வேலை பாதியாகக் குறையும்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருவிழாக் கடையிலும் மெரினாவிலும் பலூன் சுடக் கொடுக்கிறார்களே, குழலையே பாதியில் மடக்கும் துப்பாக்கி, அது இல்லை. அது ஸ்பிரிங் துப்பாக்கி; அதன் வைத்தியம் வேறு. இது பல முறை பம்ப் அடித்துக் காற்றைச் சேர்த்துவைக்கும் வகை. பெரும்பாலும் அமெரிக்கச் சாமான். விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் ஷெரிடன் கம்பெனி 1949 முதல் மாடல் சி செய்தது. கறுநீல நிறத்தில் வந்தது ப்ளூ ஸ்ட்ரீக், நிக்கல் பூச்சோடு வந்தது சில்வர் ஸ்ட்ரீக். பெஞ்சமின் கம்பெனியும் இதே வகையில் பல செய்தது. 1977-ல் பெஞ்சமின் ஷெரிடனை வாங்கியது. 1992-ல் இரண்டையும் சேர்த்து க்ராஸ்மேன் வாங்கிக்கொண்டது. க்ராஸ்மேனின் சொந்த 760 மாடல் 1966-ல் வந்தது. பெயர்கள் மாறினாலும் உள்ளே நடக்கும் சங்கதி ஏறக்குறைய ஒன்றே.

காற்றின் பாதை இதுதான். பம்ப் கையை விரிக்கும்போது பிஸ்டன் முன்னால் போகிறது. வெளிக்காற்று பம்ப் குழாய்க்குள் வருகிறது. மடக்கும்போது பிஸ்டன் முனையில் இருக்கும் வாஷர் அந்தக் காற்றைத் தள்ளி, உள்வால்வு வழியாக ஒரு சின்ன அறைக்குள் அடைக்கிறது. உள்வால்வு ஒருவழிக் கதவு. அறையின் மறுபக்கம் வெளிவால்வு. ட்ரிகரை இழுத்தால் ஸ்பிரிங் தள்ள, உள்ளே இருக்கும் சின்னச் சுத்தி போய் வெளிவால்வின் தண்டைத் தட்டுகிறது. வால்வு ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து மூட, காற்று ஒரு துளை வழியாக மேலே ஏறி, பெல்லட்டின், அதாவது ஈயக் குண்டின், பின்னால் மோதித் தள்ளுகிறது. வாஷர், உள்வால்வு, வெளிவால்வு, மேலேறும் துளை, குண்டு போடும் வாயை மூடும் போல்ட்டின் முனை என்று ஐந்து இடம். வேகத்தைத் தின்னும் திருடன் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஓர் இடத்தில்தான் இருப்பான்.

கை வைப்பதற்கு முன்

நல்ல நிலையில் இருக்கும் ப்ளூ ஸ்ட்ரீக் எட்டு பம்பில் பெல்லட்டை வினாடிக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வேகத்தில் அனுப்பும். கண்ணைப் பறிக்க அதில் கால்வாசி போதும். அதனால் கண்ணாடி அணியுங்கள். குழலில் குண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பாதுகாப்பான திசையில், மண் மூட்டை மாதிரி எதையாவது பார்த்து, காக் செய்து (போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துச் சுத்தியைத் தயார்நிலையில் நிறுத்தி) இரண்டு முறை சுட்டுக் காலி செய்யுங்கள். ஒரு முறை சுட்டால் காற்று முழுதும் போய்விட்டது என்று நம்பாதீர்கள்; ஏன் என்பது கீழே வரும். குண்டு இல்லாமல் சுடுவது ஸ்பிரிங் துப்பாக்கியைக் கெடுக்கும், இந்த வகையை ஒன்றும் செய்யாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அங்கே ஏர் ரைஃபிளும் சட்டப்படி துப்பாக்கிதான், வாங்கவே துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டை வேண்டும். இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை இருந்தால், 2016-ன் ஆயுத விதிகளைப் படித்துவிடுங்கள். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளை என்றாலே உரிமம் கேட்கும். ஷெரிடனின் துளை 5 மில்லிமீட்டர்.

அறிகுறி: பம்ப் கை லேசாக ஆடுகிறது, காற்றே ஏறவில்லை

முதலில் காக் செய்தீர்களா? சிரிக்காதீர்கள், விற்பவர்களில் பலர் இங்கேதான் ஏமாந்திருக்கிறார்கள். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை கொண்டுபோகாவிட்டால், சுத்தி அதன் ஸ்பிரிங்கோடு வெளிவால்வுத் தண்டின் மேல் சாய்ந்துகொண்டு இருக்கும். அறை காலியாக இருக்கும்போது அந்தச் சாய்மானமே வால்வைக் கொஞ்சம் திறந்துவைக்கப் போதும். நீங்கள் அடிக்க அடிக்கக் காற்று குழல் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். க்ராஸ்மேன் 1400 போன்ற சில பழைய மாடல்களில் தட்டும் சுத்தியே கிடையாது. ட்ரிகரின் கொக்கிதான் வால்வை மூடிப் பிடித்திருக்கும். அவற்றில் காக் செய்யாமல் விடியவிடிய அடித்தாலும் ஒன்றும் நிற்காது.

காக் செய்தும் கை லேசாகவே இருந்தால், வாஷர் காய்ந்திருக்கிறது. பம்ப் கையை முழுதாக விரித்துத் துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பினால், பம்ப் குழாயின் அடியில் உள்ள நீளத் திறப்பில் பிஸ்டன் தெரியும். பழைய ஷெரிடன், பெஞ்சமின் இரண்டிலும் வாஷருக்குப் பின்னால் ஒரு ஃபெல்ட் வளையம் இருக்கும். எண்ணெயைப் பிடித்துவைத்துக் குழாய்ச் சுவரில் பூசிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அதில் நாலைந்து சொட்டு விட்டு, கையை மெதுவாகப் பத்து முறை விரித்து மடக்கி, ஓர் இரவு அப்படியே வையுங்கள். தோல் அவசரப்படாது. மறுநாள் மூன்று பம்ப் அடித்துச் சுடுங்கள், மறுபடி மூன்று அடித்துச் சுடுங்கள். ஏழெட்டுச் சுற்றுக்குள் கையில் எதிர்ப்பு தெரிய ஆரம்பித்தால் வேலை முடிந்தது. ஆரம்பத்தில் குழல் வாயில் எண்ணெய்ப் புகை மாதிரி வரும். அறைக்குள் போன உபரி எண்ணெய் வெளியேறுகிறது, பயப்பட வேண்டாம்.

எந்த எண்ணெய் என்பதில் நானே ஒரு பாடம் படித்தேன். அம்மா ஸ்டவ் வாஷருக்குத் தேங்காய் எண்ணெய்தான் போடுவார். அந்த ஞாபகத்தில் நானும் சமையலறையில் இருந்த பாட்டிலைக் கவிழ்த்தேன். செப்டம்பரில் அருமையாக வேலை செய்தது. டிசம்பரில் கீழ்த்தளத்திலிருந்து எடுத்தபோது பம்ப் கை அசையவே இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் மார்கழிக் காலையில் மட்டுமே பார்த்த மண்டைக்கு அமெரிக்கக் குளிர் உறைக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, மெழுகு மாதிரி இருந்ததைத் துடைத்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆக, டிடர்ஜென்ட் சேர்க்காத 30 எண் ஆயில். ஏர் கம்ப்ரஸருக்கு விற்பது. க்ராஸ்மேன் விற்கும் பெல்கன் ஆயிலும் சரி. டபிள்யூ.டி-40 வேண்டாம். அது இருக்கிற பசையையும் கழுவிவிட்டு ஆவியாகிப் போய்விடும். இரண்டு நாள் நன்றாக இருப்பது போல் தெரிந்து, பிறகு முன்னைவிட மோசமாகும்.

எண்ணெய்க்கும் மசியவில்லை என்றால் வாஷரை மாற்ற வேண்டியதுதான். முன்பக்கம் பம்ப் கையைப் பிடித்திருக்கும் குறுக்கு ஆணியைத் தட்டி எடுத்தால், கையும் தண்டும் பிஸ்டனும் சேர்ந்து முன்னால் உருவிக்கொண்டு வரும். ஆணியைத் தட்டும்போது துப்பாக்கியை மரக்கட்டையில் தாங்கவையுங்கள். கீழே இருப்பது பித்தளைக் குழாய், கல்லில் வைத்துத் தட்டினால் நசுங்கும். பழையவற்றில் தோல் வாஷர், பின்னால் வந்தவற்றில் ரப்பர் வகை. கிண்ணம் போன்ற வாயின் விளிம்பு எப்போதும் வால்வைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் காற்றைத் தள்ளாது, விழுங்கும். புதுத் தோலை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்துவிட்டுப் போடுங்கள். உள்ளே நுழைக்கும்போது குழாயின் திறப்பு ஓரங்கள் கத்தி மாதிரி விளிம்பைச் சீவும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே சுருட்டிவைத்து, அதன் மேல் வழுக்கவிட்டால் தப்பிக்கும். நான் முதல் வாஷரைச் சீவிவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

அப்படியே குழாயின் உட்புறத்தை விளக்கடித்துப் பாருங்கள். நீளவாக்கில் ஆழமான கீறல் இருந்தால் எந்த வாஷரும் அதை மூடாது. லேசான மங்கல், பச்சைக் களிம்பு எல்லாம் துணி சுற்றிய குச்சியால் துடைத்தால் போய்விடும்.

அறிகுறி: மடக்கிய கை தானாக விரிகிறது

இதில் இரண்டு சாதி உண்டு. பார்க்க ஒன்று போல் இருக்கும், காரணம் வேறு.

மடக்கி விட்டவுடன் கை ‘டப்’ என்று ஓர் அங்குலம் எகிறினால், அது மிச்சக் காற்றின் உதை. வாஷர் வால்வின் முகம்வரை போய்ச் சேரவில்லை; நடுவில் உள்ள இடைவெளியில் காற்று அகப்பட்டு, உள்ளே போகாமல் உங்கள் கையைத் திருப்பித் தள்ளுகிறது. கீல் ஆணிகள் தேய்ந்திருக்கலாம், தோல் நசுங்கி மெலிந்திருக்கலாம். பல மாடல்களில் பம்ப் தண்டின் முனையில் மரை இருக்கும். அரைச் சுற்று நீட்டிப் பார்த்து, மறுபடி பூட்டி, மறுபடி சோதியுங்கள். ஒரேயடியாக நீட்டாதீர்கள். அளவு மீறினால் கை முழுதாக மடங்காது, வலுக்கட்டாயமாக மடக்கினால் கீல் ஆணி வளையும். முழுக்க மடங்கும் கடைசி விரல்கடையில் வாஷர் வால்வை மெதுவாக முத்தமிடுவது போல் தொட்டால் அளவு சரி.

மடக்கியபோது அடங்கி, பிறகு மெதுவாக, நத்தை மாதிரி கை திறந்துகொண்டு வந்தால், கசிவது உள்வால்வு. அறைக்குள் போன காற்று ஒருவழிக் கதவு வழியாகத் திரும்பி வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. உறுதி செய்ய, குண்டு போடாமல், குழல் வாய் யாரையும் பார்க்காதபடி வைத்து நாலு பம்ப் அடித்துக் கையை விரியுங்கள். மீன்தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் ட்யூபின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைப் பம்ப் குழாயின் திறப்பிலும் வையுங்கள். சீற்றம் கேட்டால் அதுதான். வெறுங்காதைக் கொண்டுபோய் துப்பாக்கியில் வைக்க வேண்டாம்.

உள்வால்வில் பெரும்பாலும் அழுக்கு. தோல் துகளோ ஃபெல்ட் நூலோ வால்வின் உட்காருமிடத்தில் மாட்டியிருக்கும். திறப்பின் வழியாக இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முதல் மூன்று பம்பை விறுவிறுவென்று அடித்துச் சுடுங்கள். பத்து முறை செய்தும் மாறவில்லை என்றால் வால்வைத் திறக்க வேண்டும்.

அறிகுறி: ஏற்றிய காற்று கொஞ்ச நேரத்தில் காணாமல் போகிறது

பம்ப் கை அசையாமல் இருக்கிறது, ஆனால் கால் மணி நேரம் கழித்துச் சுட்டால் புஸ். இதில் வெளிவால்வின் மேல்தான் சந்தேகம். குண்டில்லாமல் ஐந்து பம்ப் அடித்து, போல்ட்டைத் திறந்துவைத்து, குண்டு போடும் வாயின் மேல் டிஷ்யூ காகிதத்தின் ஒற்றைத் தாளைப் பிடியுங்கள். காகிதம் நடுங்கினால் காற்று அந்த வழியாக வருகிறது.

இங்கேயும் முதலில் எண்ணெயும், மூன்று பம்ப் அடித்துச் சுடும் சுற்றும். வால்வு ஒவ்வொரு முறையும் திறந்து மூடும்போது மாட்டியிருக்கும் துகள் தெறித்துப் போக வாய்ப்பு உண்டு. பல வருடம் காற்றில்லாமல் கிடந்த துப்பாக்கி என்றால் அவசரப்படாதீர்கள். என்னுடையது முதல் நாள் இரண்டு நிமிடம் காற்றைப் பிடித்தது. மூன்று நாள் சுட்ட பிறகு ஒரு வாரம் பிடித்தது. நான் ஒரு மரையைக்கூடத் தொடவில்லை.

காரின் கியர் ஆயிலுக்கு ஊற்றும் கசிவடைப்பான் திரவத்தை இதில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பரை ஊதவைத்து, கசிவை உடனே நிறுத்தும், உண்மைதான். நான் விடமாட்டேன். ஊதிய ரப்பர் நாளடைவில் கொழகொழவென்று ஆகி, பின்னால் கழற்றுகிறவர் வாயில் விழ வேண்டியிருக்கும். அந்தக் கழற்றுகிறவர் பெரும்பாலும் நாமேதான்.

வால்வைத் திறப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான கட்டம். துப்பாக்கியின் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, பின்மூடியை எடுக்க வேண்டும். அதன் பின்னால் சுத்தியின் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே திறக்காவிட்டால் அது அறையின் மூலைக்குப் பறக்கும். சுத்தி வெளியே வந்ததும், வால்வைப் பூட்டியிருக்கும் வளைய நட் தெரியும். ஷெரிடன், பெஞ்சமினில் அதற்கு இரண்டு காடி மட்டும்தான் இருக்கும், சாதாரண ஸ்பானர் பிடிக்காது. சரியான அளவு இரும்புக் குழாயின் வாயை அரத்தால் ராவி, இரண்டு பல் விட்டு நீங்களே சாவி செய்யலாம், அல்லது செய்து விற்பதை வாங்கலாம். ஸ்க்ரூடிரைவரை ஒரு காடியில் வைத்துச் சுத்தியலால் தட்டும் ஆசை வரும். வேண்டாம், காடி சிதைந்தால் பிறகு கடைசல்காரரிடம்தான் போக வேண்டும். நட்டைத் தொடும் முன் அறையில் காற்று இல்லை என்பதை இன்னொரு தரம் உறுதி செய்யுங்கள்.

வெளியே எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் எடுத்த வரிசையிலேயே, எடுத்த திசையிலேயே ஒரு துணியில் அடுக்கி, செல்போனில் படம் எடுங்கள். வால்வின் முகத்தில் வளையமாக ஆழப் பதிந்த தடம் இருந்தால் புது வால்வு போடுங்கள். ஓ-ரிங்குகளை எப்படியும் மாற்றிவிடுங்கள், சில்லறைக் காசுதான். 70 கடினத்தன்மையுள்ள நைட்ரைல் ரப்பர் வகை போதும். பித்தளை இருக்கையில் அழுக்கு மட்டும் என்றால் துணியால் துடையுங்கள். மணல் காகிதத்தை வைத்து வட்டமாகத் தேய்த்து இருக்கையை முட்டை வடிவமாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

அறிகுறி: ட்ரிகரை இழுத்தால் ‘டக்’, காற்று வரவில்லை

ஷெரிடனுக்கு 3 முதல் 8 பம்ப், க்ராஸ்மேன் 760-க்கு 3 முதல் 10. அதற்கு மேல் அடித்தால் வேகம் கூடும் என்று நினைத்துப் பதினைந்து, இருபது அடிப்பவர்கள் உண்டு. அறைக்குள் அழுத்தம் கூடக் கூட, வெளிவால்வை அதே அழுத்தம்தான் மூடிப் பிடிக்கிறது. ஓர் அளவுக்கு மேல் சுத்தியால் அதைத் திறக்க முடியாது. பூட்டிக்கொண்டது.

செய்ய வேண்டியது: குழல் வாயை மண் மூட்டையின் பக்கம் வைத்து, மறுபடி காக் செய்து, மறுபடி சுடுங்கள். பத்து, பதினைந்து தரம்கூட ஆகலாம். ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் காற்று போனாலும் கடைசியில் திறந்துகொள்ளும். அதற்கும் வழிவிடவில்லை என்றால் ‘காற்று உள்ளது’ என்று சீட்டுக் கட்டிப் பூட்டிவைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். பழைய வால்வு பெரும்பாலும் முழு அழுத்தத்தை ரொம்ப நாள் பிடித்துவைக்காது. எந்தக் காரணம் கொண்டும் இந்த நிலையில் மரையைத் திறக்காதீர்கள். வால்வுப் பொருள்கள் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும்.

அளவாக அடித்தும் இப்படி ஆகிறது என்றால் சுத்தி மந்தமாகியிருக்கிறது. ஐம்பது வருட கிரீஸ் பசையாகி அதன் ஓட்டத்தைத் தடுக்கும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, எண்ணெயை விரலில் தொட்டுத் தடவினால் போதும். புது கிரீஸ் பூசி நிரப்ப வேண்டாம்.

மேலே சொன்ன இரண்டாவது சூடும் இங்கேதான் வருகிறது. எட்டு பம்ப் அடித்துச் சுட்ட பிறகு, பம்ப் அடிக்காமல் காக் செய்து சுட்டுப் பாருங்கள். இன்னொரு ‘புஸ்’ வந்தால் முதல் சூட்டில் காற்று முழுதும் வெளியேறவில்லை. சுத்தியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது பசை. எப்படியானாலும் துப்பாக்கி காலி என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே காற்று இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அறிகுறி: காற்று நிற்கிறது, சுடுகிறது, வேகம்தான் இல்லை

கழற்றுவதற்கு முன் பெல்லட் டப்பாவைப் பாருங்கள். ஷெரிடன் 5 மில்லிமீட்டர், அதாவது .20 அங்குலம். கடையில் எங்கும் கிடைப்பது 4.5-உம் 5.5-உம். 4.5-ஐப் போட்டால் குழலுக்குள் உருண்டு ஓடும். காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ‘பவர் இல்லை’ என்று ஒரு நண்பர் கொண்டுவந்த ஷெரிடனுக்கு நான் பார்த்த வைத்தியம், சரியான டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்ததுதான்.

குண்டு சரி என்றால், போல்ட் மூடும் இடத்தின் மேல் ஒரு துண்டு டிஷ்யூவை வைத்து, குண்டு போட்டு, மண் மூட்டையைப் பார்த்துச் சுடுங்கள். டிஷ்யூ பறந்தால் போல்ட் முனையின் ஓ-ரிங் போயிற்று. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பறக்கவில்லை என்றால், வால்விலிருந்து குழலுக்கு ஏறும் துளையில் உள்ள சீலைப் பாருங்கள். முன்பே ஒருவர் கழற்றி மாட்டிய துப்பாக்கியில் அது கோணலாக உட்கார்ந்து துளையைப் பாதி மறைத்திருக்கும்.

அறிகுறி: காக் நிற்கவில்லை, அல்லது லேசான தட்டலிலேயே வெடிக்கிறது

பசை என்றால் கழுவினால் சரியாகும். கழுவிய பிறகும், குண்டு இல்லாமல் காக் செய்து கட்டையை உள்ளங்கையால் தட்டும்போது சுத்தி விழுகிறது என்றால் ட்ரிகர் கொக்கியின் விளிம்பு தேய்ந்திருக்கிறது. அரத்தால் ராவிக் கூர்மையாக்கலாம் என்று தோன்றும். அந்த விளிம்பின் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். ராவினால் அது போய், மூன்று மாதத்தில் முன்னைவிட மோசமாகும். புதுக் கொக்கி கிடைக்கும்வரை சுவரில் மாட்டிவைப்பது மேல்.

அறிகுறி: குண்டு குழலில் மாட்டிக்கொண்டது

மூன்று பம்புக்குக் குறைவாக அடித்தால் இது நடக்கும். இன்னொரு குண்டைப் போட்டுத் தள்ளிவிடலாம் என்று சுடாதீர்கள், இரண்டாகும். காற்றைக் காலி செய்து, போல்ட்டைத் திறந்து, பித்தளைக் கம்பியால் வாய்ப்பக்கத்திலிருந்து பின்னுக்குத் தள்ளுங்கள். மரக்குச்சி உள்ளே முறியும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

அறிகுறி: குறி அலைகிறது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, முன்னால் வைத்திருந்தவர் என்ன சுட்டார் என்பது. பித்தளைக் குழலின் உட்சுவரில் வரி (குண்டைச் சுழலவைக்கும் சுருள் கோடு) வெட்டப்பட்ட துப்பாக்கிக்குள் இரும்பு உருண்டைகளைப் போட்டுச் சுட்டிருந்தால் அந்த வரிகள் தேய்ந்திருக்கும், அதற்கு மருந்து இல்லை. பெஞ்சமினில் மாடல் எண்ணைப் பார்த்தாலே தெரியும்: 310 உருண்டைக்கான வரியில்லாக் குழல், 312 என்பது 5.5, 317 என்பது 4.5, இரண்டும் பெல்லட்டுக்கு மட்டும்.

குழல் நன்றாக இருந்தால், குழலுக்கும் கீழே உள்ள பம்ப் குழாய்க்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். ஷெரிடனிலும் பெஞ்சமினிலும் இரண்டும் நெடுக ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. பம்ப் அடிக்கும்போது குழலையே பிடித்து எதிர்த்து இழுத்துப் பழகியவர்கள் கையில் இந்தப் பற்று வாய்ப்பக்கத்திலிருந்து விட ஆரம்பிக்கும். காகிதம் நுழைந்தால் பற்று விட்டிருக்கிறது. ஒவ்வொரு சூட்டிலும் குழல் வேறு வேறு இடத்தில் நிற்கும். வீட்டில் டார்ச் வைத்து ஒட்டப் பார்த்தால் வால்வின் ரப்பர் உருகும், பற்று மிச்சம் இருந்த இடத்திலும் விடும், மேல்பூச்சும் போகும். வால்வு முழுவதையும் கழற்றி எடுத்துவிட்டு, இதை முன்பு செய்து பழகியவரிடம் கொடுங்கள். திரும்பி வந்த பிறகு, பம்ப் அடிக்கும்போது ஒரு கையால் பம்ப் கையையும் மறு கையால் போல்ட்டுக்குச் சற்று முன்னால் உள்ள கனத்த பகுதியையும் பிடியுங்கள், குழலை அல்ல.